ஊனத்துக்கு எத்தனை சதவிகிதம்?

பட்டாளத்துக்குப் பிள்ளை புறப்படும் நாளில் சர்க்கார் டாக்டர் மார்பை அளக்கிறார், எடை பார்க்கிறார், கண்ணைச் சோதிக்கிறார், பல்லைக்கூட எண்ணுகிறார். குறையொன்றும் இல்லை என்று கையொப்பமிட்ட பிறகே உடுப்பு கிடைக்கிறது. பனிமலையில் பத்தாண்டு காவல் காத்து, கை நடுங்கி, காது மந்தமாகி அவன் திரும்பும்போது அதே சர்க்கார் கேட்கிறது: "இந்த நோய் எங்களால் வந்ததா, உன் பரம்பரையால் வந்ததா?"

எப்படி இருக்கிறது நியாயம்!

தோழர்களே, கணக்கு விளங்காதவரைதான் கை விரிப்பது எளிது. மெடிக்கல் போர்டு இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுகிறது. நோயோ காயமோ சேவையால் வந்ததா, சேவையால் முற்றியதா என்பது ஒன்று. ஊனம் எத்தனை சதவிகிதம் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால், அடுத்ததில் 80 என்று போட்டாலும் ஊனப் பென்ஷன் கிடையாது!

முழு ஊனத்துக்கு, அதாவது 100க்கு, கடைசிச் சம்பளத்தில் 30 சதவிகிதம் என்பது கணக்கு. (போர்க்களக் காயத்துக்கு இதைவிடக் கூடுதல்.) சம்பளம் 30,000 என்றால் 9,000 ரூபாய், ஊனம் 20 என்றால் 1,800 ரூபாய். ஐந்தாவது சம்பளக் கமிஷன் சொன்னதன் பேரில் 1996 முதல் ஒரு சலுகை வந்தது. 50க்குக் கீழிருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று கொள்ளவேண்டும். 1,800 ரூபாய் 4,500 ஆயிற்று. ஊனத்தால் இடையில் அனுப்பப்பட்டவனுக்கு மட்டுமே அது என்றது டில்லி. ஊனத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு பணிக்காலம் முழுவதையும் முடித்தவனுக்கு இல்லையாம்! அவனுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில், ராம் அவதார் வழக்கில், உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்கு முந்திய ஆண்டே அந்த மன்றம் வேறொன்றும் சொன்னது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லையென்றால், பின்னால் வந்த நோய் சேவையால் வந்ததென்றே கொள்ளவேண்டும். இல்லையென்று மெய்ப்பிப்பது சர்க்காரின் பொறுப்பு. சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. 1982 விதிகள் தந்த உரிமை அது. 2008 விதிகளை எழுதியவர்கள் அந்த வாசகத்தையே எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் விதிகள் மீண்டும் மாறின. ஊனமுற்றோர் மீது மேல்முறையீடு செய்வதைக் குறையுங்கள் என்று, பாதுகாப்பு அமைச்சராயிருந்த பாரிக்கர் அமைத்த வல்லுநர் குழுவே 2015இல் சொல்லியிருந்தது. யார் காதில் விழுந்தது?

வீட்டில் முன்னாள் படைவீரர் இருந்தால், போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'சேவைத் தொடர்பில்லை' என்ற இடத்தில் காரணம் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.