ஐப்பசிக்கு முன் எடுக்க வேண்டிய பாலிசி

சிதம்பரத்துக்கு வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பும் கடலும். எந்தத் திசையில் தண்ணீர் மிஞ்சினாலும் அது இந்த ஊரைத் தேடித்தான் வரும். உள்ளூரில் மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. 2018 ஆகஸ்டில் கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் இறங்கிய வெள்ளம் பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டப்பட்டினம் போன்ற கரையோரக் கிராமங்களைச் சூழ்ந்தது. 2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது சிதம்பரத்தில் ஒரே நாளில் 34 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

மாவட்டத்தின் மற்ற பகுதிகளின் கதையும் இதுதான். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரு நாளில் பெய்த 48 சென்டிமீட்டர் மழை, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த பெருவெள்ளம். இருபது ஆண்டுகளில் இத்தனையைப் பார்த்த மக்கள், வண்டிக்கு இன்ஷூரன்ஸ் போடுகிறார்கள், போலீஸ் பிடிக்கும் என்பதால். வீட்டுக்குப் போடுவதில்லை, கேட்க யாரும் இல்லை என்பதால். வாழ்நாள் சேமிப்பெல்லாம் செங்கல்லாக நிற்கும் வீட்டை இப்படி விடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காவில் வீட்டு பாலிசி எடுத்தாலும் வெள்ளம் அதில் சேராது. அதற்கென்று 1968-ல் அரசே தொடங்கிய தனித் திட்டத்தில் சேர வேண்டும். பணம் கட்டிப் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் காப்பு தொடங்கும். நம் நாட்டில் வெள்ளத்துக்குத் தனி பாலிசி தேட வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கட்டளையிட்டது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். அதற்கு முந்தைய தீ பாலிசியில் புயல், வெள்ளக் காப்பை வேண்டாம் என்று நீக்கிவிட்டுக் குறைந்த பிரீமியம் கட்ட வழி இருந்தது. பழைய பாலிசியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்த பாலிசியில் வீட்டு மதிப்பு என்றால் கட்டுமானச் செலவு மட்டும். மனையின் விலை சேராது. மனையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாது. ஆயிரம் சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு இரண்டாயிரம் ரூபாய் ஆகும் என்றால் இருபது லட்சத்துக்கு எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதாவது நான்கு லட்சம், தானாகவே சேர்ந்துவிடும். இதற்கு உச்சவரம்பு பத்து லட்சம். நகைக்குத் தனியே சொல்லி எடுக்க வேண்டும். அண்ணாமலை நகரில் வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். வங்கியில் கடன் வாங்கிக் கட்டியவர்கள், ‘பேங்க்லயே போட்டாங்களே’ என்று இருந்துவிடுகிறார்கள். அது வீட்டுக்கான பாலிசியா, கடன் வாங்கியவரின் உயிருக்கான பாலிசியா என்பதையும், வீட்டுக்கானது என்றால் முழுக் கட்டுமானத்துக்கா, கடன் தொகை அளவுக்கு மட்டுமா என்பதையும் தாளில் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து, வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகிறவர்களும், கூரை வீட்டில் இருப்பவர்களும் தங்கள் நிலையை முன்கூட்டியே சொல்லிக் கம்பெனியிடமிருந்து பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வண்டி விஷயத்தில் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புதிய டூவீலருக்கு ஐந்து ஆண்டு, காருக்கு மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி பாலிசியை ஷோரூமிலேயே மொத்தமாக எடுக்க வேண்டியதாயிற்று. “அண்ணே, இது ஃபுல் இன்ஷூரன்ஸ்தானே?” என்று கேட்டால், “ஆமாம்மா, அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல” என்று பதில் வரும். அந்தத் தாளில் இரண்டு தேதிகள் இருக்கும். தேர்ட் பார்ட்டி ஐந்தாண்டுக்கு. நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டும். அதைப் புதுப்பிக்காவிட்டாலும் இரண்டாம் ஆண்டு முதல் வண்டி ரோட்டில் ஓடச் சட்டப்படி தடையில்லை, ஆனால் வெள்ளத்தில் மூழ்கினால் ஒரு பைசா வராது. தெருவில் தண்ணீர் ஏறி வண்டி முழுகிய பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. ஓன் டேமேஜை மட்டும் தனியே எடுக்கும் வசதி 2019 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. இதை ஒரு போன் செய்து நினைவூட்டாத ஏஜென்ட் ஏஜென்டே அல்ல.

கார் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு. தண்ணீரில் நின்ற காரைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் நீர் ஏறி உள்பாகங்கள் வளைந்துவிடும். அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதமல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சாதாரண ஓன் டேமேஜில் கிளெய்ம் மறுக்கப்படும். அந்தக் கூடுதல் காப்பு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நனைந்த காரைத் தொடாமல் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதையெல்லாம் செல்போனில் நாமே எடுத்துவிடலாமே, ஏஜென்ட் எதற்கு? எடுப்பதற்கு அவர் தேவையில்லைதான். தண்ணீர் வந்த நாளில் தேவை. கரன்ட் இல்லை, டவர் இல்லை, பாலிசி தாள் பீரோவின் அடித்தட்டில் ஊறிக் கிடக்கிறது. அன்றைக்கு கிளெய்மைப் பதிவு செய்து நம்பர் வாங்கித் தருகிறவர், சுவரில் தண்ணீர் ஏறிய தடத்தைக் கழுவுவதற்கு முன் போட்டோ எடுக்கச் சொல்கிறவர், நனைந்த ஃபிரிட்ஜையும் கட்டிலையும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை குப்பையில் போடாதீர்கள் என்று தடுக்கிறவர், வெளியூரிலிருந்து வரும் சர்வேயருக்கு எந்தப் பாலம் திறந்திருக்கிறது, எதுவரை கார் போகும் என்று சொல்லி அழைத்து வருகிறவர் உள்ளூரில் இருக்க வேண்டும்.

அவர் யாருடைய ஆள் என்பது முக்கியம். மேல்நாடுகளில் பல கம்பெனிகளின் பாலிசிகளை ஒப்பிட்டுத் தரும் சுதந்திர ஏஜென்ட் உண்டு. நம் சட்டத்தில் தனிநபர் ஏஜென்ட் ஒரே ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனிக்குத்தான் வேலை செய்ய முடியும். அவர் நமக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் கம்பெனியின் பிரதிநிதி. பல கம்பெனிகளை ஒப்பிட்டுத் தர உரிமை பெற்றவர் புரோக்கர். சட்டப்படி அவர் வாடிக்கையாளரின் பிரதிநிதி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து நாலைந்து கம்பெனி இன்ஷூரன்ஸ் போட்டுத் தருகிறவர்களில் பலர், புரோக்கர் நிறுவனத்தின் கீழ் பதிவு செய்த விற்பனையாளர்கள். பத்தாம் வகுப்பும் ஒரு குறுகிய பயிற்சியும் அவர்களுக்கான தகுதி. இதில் குறை ஒன்றுமில்லை. “நீங்க எந்தக் கம்பெனிக்கு ஏஜென்ட்? இல்ல, புரோக்கர்கிட்ட பதிவு பண்ணியிருக்கீங்களா?” என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்பவரிடம் போகவே கூடாது. காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. அது ஒருபுறம் இருக்க, தன் வருமானத்தையே விட்டுக்கொடுத்து விற்கிறவருக்கு வெள்ள நாளில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வர என்ன இருக்கிறது? பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காப்பு தொடங்கும் என்பது 64வி.பி. பிரிவு, ஏஜென்ட் கையில் வாங்கிய பணத்தை விடுமுறை நாள் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அனுப்பியாக வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். புயல் அறிவிப்பைக் கேட்டு அவசரமாகப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பாலிசி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பது ஆபத்து. கம்பெனியின் பெயரிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். பாலிசியில் உங்கள் செல் நம்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டுவிட்டால், புதுப்பிக்கும் தேதி பற்றிய தகவல் கடைசிவரை உங்களுக்கு வராது. வண்டி பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் சலுகை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் அதோடு முடிந்துவிடுவதில்லை. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் தர வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாடு முழுவதும் அவர் எல்லைக்குள்தான் வருகிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 155255 என்ற எண்ணில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடமும் புகாரைப் பதிவு செய்யலாம். ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது, “கிளெய்ம் மறுத்ததுக்குப் புகார்க் கடிதம் யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் என்றால், அந்தக் கிளெய்ம் பிறகு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள்.