வௌவால் வந்தால் காற்றாடியை நிறுத்துங்கள்

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து இருந்தாலே போதும், சிறு வௌவால் உள்ளே வந்துவிடும். வந்ததும் வீடே அலறும். அலறலைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. சுழலும் காற்றாடிதான் அதற்கு எமன், அதை நிறுத்துங்கள். அறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, சன்னலை அகலத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். சுவரில் ஒட்டிக்கொண்டால், தடித்த கையுறையுடன் ஒரு பெட்டியால் மூடி, அட்டையை அடியில் செருகி வெளியே விடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

"நிப்பா வந்துடும், அடிச்சுப் போடு" என்பார் என் பாட்டி. அந்தப் பயம் பொய்யல்ல. 1998-99இல் நிப்பா கிருமி நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. ஆனால் அது பழந்தின்னி வௌவாலிடமிருந்து பண்ணைப் பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் பரவியது.

அதே பாட்டி பாலேக் பூலாவ் டுரியானுக்கு ஆண்டு முழுக்கக் காத்திருப்பவர். டுரியான் பூ இரவுக்கென்றே மலர்வது. தேன் குடிக்க வரும் வௌவால்கள்தாம் அதன் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு செல்கின்றன. இதைச் சொன்னதும், "சரி, எச்சத்தை நீயே துடை" என்றார். முகக்கவசம் அணிந்து, நீர் தெளித்துத் துடைப்பது நல்லது.

சந்தை அடைப்பதென்றால், இருட்டி எல்லாம் பறந்துபோன பிறகு அடையுங்கள். உள்ளே பறக்கத் தெரியாத குட்டி இருந்தால் சில வாரம் பொறுக்கத்தான் வேண்டும்.