கோணல் தையல்

1933இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியை ஒட்டி, சியர்ஸ் நிறுவனம் ஓர் ஒட்டுப்போர்வைப் போட்டி வைத்தது. மொத்தப் பரிசுத் தொகை 7,500 டாலர். வந்து குவிந்த போர்வைகள் 24,000க்கும் மேல். வேலையில்லாத் திண்டாட்டம் அமெரிக்காவைப் பிடித்து ஆட்டிய காலம் அது. அதனால் பரிசுக்காக மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தவர்கள் அநேகம். வென்றது கென்டக்கியைச் சேர்ந்த மார்கரெட் கேடன் அனுப்பிய போர்வை. பரிசு 1,200 டாலர். ஒரு நூல் பிசகாத நட்சத்திரங்களும் எண்ணி வைத்தாற்போன்ற நுண்ணிய தையலும் நடுவர்களைக் கட்டிப்போட்டன. கேடன் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே வந்தது. கைத்தையல் பொருள்களை விற்பது அவர் தொழில். உள்ளூர்ப் பெண்கள் சிலரிடம் கூலிக்குக் கொடுத்துத் தைத்து வாங்கியதை அனுப்பியிருந்தார். இருக்கிற வேலையும் போய்விடக் கூடாதே என்று அந்தப் பெண்கள் வாய் திறக்கவில்லை. பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கும் கிடைக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1932 இலையுதிர் காலத்தில், அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்டில் வேறொன்று நடந்தது. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடும் ஊர் அது. ஒரு காலத்தில் பருத்தித் தோட்டம். அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளே ஊர் மக்கள். பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. பழைய முதலாளியின் பெயர். அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் இறந்துபோக, அவர் மனைவி பாக்கியை வசூலிக்க ஆள் அனுப்பினார். மாடு, கோவேறு கழுதை, கலப்பை, களஞ்சியத்துச் சோளம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தை ஊர் செஞ்சிலுவைச் சங்கம் அளந்து கொடுத்த உணவில்தான் தாண்டியது. வந்தது மாவும் இறைச்சியும். மரக்கட்டை வீடுகளின் இடுக்கில் காற்று புகாமல் செய்தித்தாளை ஒட்டியிருந்தார்கள். இரவுக்கு அது போதாது. போர்வை வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து வேண்டும்.

ஒட்டுப்போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகப்பு, நடுவே பஞ்சு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றும் விலகாமல் இருக்க ஊடே நூலோட்டித் தைப்பார்கள். ஜீஸ் பெண்டில் முகப்புக்குக் கிடைத்தது வயலில் போட்டுத் தேய்ந்த உடுப்புகள். காற்சட்டையின் முழங்கால் நைந்திருக்கும். பின்பக்கம் நன்றாக இருக்கும். கத்தரிக்கோலுக்கு வேலை குறைவு, கையாலேயே கிழிப்பார்கள். நடுவே வைக்கும் பஞ்சு, அரவை ஆலையில் சிந்தியதும் வயலில் பறிக்காமல் விட்டதும். அதைத் தரையில் பரப்பிக் குச்சியால் அடித்துப் படிய வைப்பார்கள். அடித்துணி, மாவு மூட்டையோ உரச் சாக்கோ.

மிசௌரி பெட்வே 1942இல் தைத்த போர்வையைப் பார்த்தால் இது விளங்கும். கணவர் இறந்ததும், அவர் உடுத்திய வேலை உடுப்புகளை எடுத்துத் தம் மகளையும் உட்கார்த்தி வைத்துக்கொண்டு காற்சட்டைக் கால்களையும் சட்டையின் கீழ்ப்பாகத்தையும் கிழித்துச் சேர்த்தார். அவர் நினைவாக வைத்திருக்கவும், அவர் அன்புக்காக அதைப் போர்த்திக்கொள்ளவும் அம்மா அதைச் செய்தார் என்று மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த வகைப் போர்வைகளில் வெளுத்த நீலத்தின் நடுவே சில இடங்களில் கருநீலச் சதுரம் ஒன்று பளிச்சென்று இருக்கும். சட்டைப்பையைப் பிரித்தெடுத்த இடம் அது. அத்தனை வருட வெயில் அந்த இடத்தை மட்டும் தொடவில்லை. எந்தப் பட்டையும் பக்கத்துப் பட்டையின் நீளத்துக்குச் சரியாக இல்லை. குறைந்த இடத்தில் இன்னொரு துண்டு. மிஞ்சிய இடத்தில் ஒரு மடிப்பு. அவ்வளவுதான் கணக்கு.

இன்றைய கணக்கு வேறு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் தகடு பொருத்திய வெட்டுக் கத்தியைக் கொண்டுவந்தது. கட்டம் போட்ட, ஊடே பார்க்கக்கூடிய அளவுகோலை வைத்து அதை ஓட்டினால் ஏழெட்டு மடிப்புத் துணி ஒரே இழுப்பில் நூல் பிடித்தாற்போல் வெட்டுப்படும். அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடிழுத்து, கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்த வேலை, மணிக்கணக்கிலிருந்து நிமிடக் கணக்குக்கு வந்தது. தையலுக்கு விடவேண்டியது கால் அங்குலம். அதற்கென்றே தையல் எந்திரத்தில் தனிப் பாதம். நூலோட்டுவதைக் கணினி பார்த்துக்கொள்ளும் எந்திரங்களும் வந்துவிட்டன. பிசகில்லாத மூலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும், கோணலான மூலையைப் பார்க்கச் சகிக்காமல் போயிற்று. அரை நூல் தவறு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அன்று யார் கண்ணிலும் படாது. இன்று அது ஒவ்வொரு மூட்டிலும் சேர்ந்துகொண்டே வந்து, பதினாறு மூட்டு தாண்டுவதற்குள் ஓர் அங்குலமாகி, நட்சத்திரத்தின் முனையைக் கொய்துவிடுகிறது. உடனே தையலைப் பிரி, மறுபடி அடி, மறுபடி பிரி.

போட்டிகளும் இந்தக் கண்ணை வளர்த்தன. 1984இல் தொடங்கிய அமெரிக்கன் க்வில்டர்ஸ் சொசைட்டி, கென்டக்கியின் படூக்காவில் ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். ஓரப்பட்டி நிறையப் பஞ்சு இருக்கிறதா, முனைகள் சந்திக்கின்றனவா, தையலின் இழுவிசை முன்னும் பின்னும் ஒன்றா என்று நடுவர்கள் அருகில் போய்ப் பார்ப்பார்கள். இது குறையல்ல. கைவேலை என்று தள்ளி வைத்திருந்ததை மதித்து உற்றுப் பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆனால் போட்டிக்கே போகாதவர் வீட்டுக்குள்ளும் அந்த நடுவர் வந்து உட்கார்ந்துகொண்டார். தைப்பவர்கள் தங்களுக்குள் ‘யூஎஃப்ஓ’ என்று ஒன்றைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். பறக்கும் தட்டு அல்ல. தொடங்கி முடிக்காமல் பெட்டியில் கிடக்கும் வேலை. சிலரிடம் அப்படி அலமாரி நிறைய இருக்கும். நேரமின்மை பாதிக் காரணம். எங்கோ ஒரு வரிசை கோணிவிட்டது, அதைப் பிரிக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை என்பது மீதிக் காரணம். ஜீஸ் பெண்டில் முடிக்காத போர்வை என்று ஒன்று இருக்க வழியே இல்லை. முடிக்காவிட்டால் அன்றிரவு ஒரு பிள்ளைக்குக் குளிரும்.

இந்த இரண்டு உலகமும் நேருக்கு நேர் உரசிய ஒரு காலமும் உண்டு. அதன் தொடக்கம் வாக்குரிமைப் போராட்டத்தில். 1962இல், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கேம்டனுக்குப் போகத் தொடங்கிய வேளையில், படகுச் சேவை நிறுத்தப்பட்டது. படகில் பக்கத்தில் இருந்த ஊருக்குச் சாலை வழியே சுமார் நாற்பது மைல் சுற்ற வேண்டியதாயிற்று. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஜீஸ் பெண்டுக்கே வந்து பேசினார். மறு ஆண்டு, பாதிரியார் ஃபிரான்சிஸ் வால்டரின் துணையோடு அப்பகுதிப் பெண்கள் ‘ஃப்ரீடம் க்வில்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். வால்டர் முதலில் ஒரு போர்வைக்குக் கொடுத்த விலை 10 டாலர். அவர்களில் பலர் அவ்வளவு பணத்தைத் தையலில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பிறகு நியூயார்க்கின் பெரிய கடைகளிலிருந்து ஆர்டர் வந்தது. கூடவே அளவும் வந்தது. எல்லாப் போர்வையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தையல் சீராக இருக்க வேண்டும், நிறம் பொருந்த வேண்டும். 1972இல் கார்டுராய் தலையணை உறை தைக்கச் சியர்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. சிகாகோப் போட்டியை நடத்திய அதே சியர்ஸ். கூலி கிடைத்தது, பெண்கள் கையில் சொந்தப் பணம் புழங்கியது, அது சிறிய காரியமல்ல. ஆனால் தன் கண் போன போக்கில் துணி சேர்த்துப் பழகிய பலருக்கு அந்த வேலை ஒட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், உறை வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அவகாடோப் பச்சை எல்லாம், ஊர் வீடுகளுக்குப் போயின. அந்தத் துணி முரட்டுத்தனமானது. நுணுக்க வேலைக்கு இடம் கொடுக்காது. அதனால் அகல அகலமான பட்டைகளாகவே வைத்துத் தைத்தார்கள். ஒரே அளவில் தைத்து அனுப்பிய உறைகள் இன்று எந்த வீட்டில் கிடக்கின்றனவோ. மிச்சத் துண்டில் தோன்றியபடி தைத்த போர்வைகள் அருங்காட்சியகச் சுவருக்குப் போய்விட்டன.

அது நடந்தது 2002இல். முதலில் ஹூஸ்டனில், அந்த ஆண்டின் இறுதியில் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில். வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர் வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்த போர்வைகள் அவை. நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் மத்தீஸ், க்ளே என்ற ஓவியர்களைத் துணைக்கு அழைத்துப் புகழ்ந்தார். கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே செருகி வைத்திருந்ததைக் அருங்காட்சியகச் சுவரில் பார்த்த பெண்கள் மலைத்துப்போனார்கள். 2006இல் பத்துப் போர்வைகள் 39 சென்ட் தபால்தலைகளாயின. அதே ஆண்டில்தான் படகும் திரும்ப ஓடத் தொடங்கியது. 44 ஆண்டு கழித்து. புகழோடு வழக்கும் வந்தது: வருமானத்தில் உரிய பங்கு வரவில்லை என்று 2007இல் சிலர் நீதிமன்றம் போனார்கள், மறு ஆண்டு அது தீர்க்கப்பட்டது. மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே ஆகிய மூவருக்கும் 2015இல் நாட்டின் உயரிய மரபுக் கலை விருது கிடைத்தது. இவர்களில் லொரெட்டா பெட்வே தமக்குத் தையலே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிள்ளைகளுக்குக் குளிராமல் இருக்கத் தைத்தாராம்.

இந்தச் சொல்லைக் கேட்ட பிறகு, ‘பூரணத்தைக் கைவிடக் கற்றுத் தருகிறோம்’ என்னும் இன்றைய பயிற்சிகளை நான் கொஞ்சம் ஓரக்கண்ணால்தான் பார்க்கிறேன். அளவுகோல் இல்லாமல் வெட்டுவது, திட்டமில்லாமல் சேர்ப்பது என்று இதற்கு நூல்களும் வகுப்புகளும் ஏராளம். 1996இல் க்வென் மார்ஸ்டன் எழுதிய ‘லிபரேட்டட் க்வில்ட்மேக்கிங்’ அவற்றுக்கு முன்னோடி. அதை வெளியிட்டது படூக்காவின் அதே சொசைட்டி. பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். அளவுகோலை விட்டால் கை நடுங்கும் ஒருவர், ஒரு வாரம் கிழிந்த துணியோடு உட்கார்ந்துவிட்டு வந்தால் தோள் இறங்கியிருக்கும். ஆனால் ஜீஸ் பெண்ட் பெண்கள் எதையும் கைவிடவில்லை. நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பட்டை சேர்க்கும் ‘ஹவுஸ்டாப்’பில், எந்தச் சிவப்பு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் அவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. குளிர்காலம் கழிந்ததும் போர்வைகளைக் கொடியிலும் வேலியிலும் காயப்போடுவார்கள். ஒருத்தி வீட்டுக் கொடியை இன்னொருத்தி வந்து நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய்த் தன்னுடையதை வேறு மாதிரி வைப்பாள். நடுவர் இல்லை, ஆனால் பார்வை இருந்தது. அமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்துப் பெண்கள் கடவுளுக்கு அடங்கி வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. ஆய்வாளர்கள் அதற்கு ஆதாரம் காணவில்லை. தைப்பவர்களைக் கேட்டால், வேண்டுமென்று வேறு வைக்க வேண்டுமா, தானாக வருவதே போதாதா என்பார்கள்.

இன்று ஜீஸ் பெண்டில் போர்வை குளிருக்காக அல்ல. வீடுகளில் ஹீட்டர் உண்டு; கடையில் கம்பளி மலிவு. சிந்திய பஞ்சை அடிக்கத் தேவையில்லை, பொட்டலமாக வருகிறது. துணியும் பெரும்பாலும் புதிது. முழங்கால் நைந்த காற்சட்டை எங்கே இருக்கிறது? 10 டாலருக்குப் போனது இணையத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்கிறது. அந்தப் பணம் தைத்தவர் கைக்கே போகிறது. கொடியில் காயப்போடும் வழக்கம் 2022 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் திருவிழாவாக நடக்கிறது. வெளியூரிலிருந்து வண்டி வண்டியாக வருகிறார்கள். படகு 2019 முதல் மின்சாரத்தில் ஓடுகிறது. போனது என்று பார்த்தால், சட்டைப்பை இருந்த அந்தக் கருநீலச் சதுரம் போயிற்று. அதைப் புதுத் துணியில் கொண்டுவர முடியாது. வறுமை திரும்பி வந்தால்தான் அது வரும் என்றால், வராமலே இருக்கட்டும்.

தைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பரணிலோ அலமாரியிலோ, ஒரு வரிசை கோணிவிட்டதென்று பாதியில் மடித்து வைத்த வேலை ஏதாவது இருந்தால் இந்த வாரம் கீழே இறக்குங்கள். பிரிக்க வேண்டாம். குறைகிற இடத்தில் ஒரு துண்டை ஒட்டி, ஓரத்தை மடித்து அடித்து முடித்துவிடுங்கள். மார்கழிக்கு ஆகும்.