பில்லைக் கேளுங்கள், பிறகு பாக்ஸை மாட்டுங்கள்

கடலூர் பக்கம் குடிகாட்டில் ஒரு வீட்டில் எரிந்துபோன ஸ்டீரியோ செட்டைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கான துளைகளில் நாலு ஸ்பீக்கரின் வயரைத் திணித்திருந்தார்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்த செம்பு நூல் ஒன்று பக்கத்துத் துளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவரில் இரண்டு ஓட்டை பிளக்தான் என்பதால் எர்த் பின்னை உடைத்து எடுத்திருந்தார்கள். "சரவுண்ட் பண்ணித் தரேன்" என்று ஒன்பதாயிரம் வாங்கிய மெக்கானிக் பில் தரவில்லை. வீட்டுக்காரரும் கேட்கவில்லை. "தெரிஞ்ச பையன் சார், எப்படிக் கேக்கறது?"

சிப்காட் பக்கமும் சிதம்பரம் வரையிலும் இதே பதிலை எத்தனை வீட்டில்தான் கேட்பது!

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் இருப்பது இரண்டே சேனல். பின்னால் இன்னும் இரண்டு பாக்ஸ் மாட்டினால் அதே பாட்டு நாலு மூலையிலும் கேட்கும், அவ்வளவுதான். அது சரவுண்ட் ஆகாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே துளையில் சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும். செட்டின் முதுகில் '6–16 ஓம்' என்று அச்சிட்டிருந்தால், 4 ஓமில் அது சூடேறிப் புகையலாம். படிக்காமல் மாட்டாதீர்கள்.

பழைய செட்டைத் தூக்கிப் போடாமலே சரவுண்ட் செய்ய வழி உண்டு. 5.1 ஏவி ரிசீவர் ஒன்றை வாங்கி, அதன் 'ப்ரீ அவுட்' துளையிலிருந்து ஆர்சிஏ வயரைப் பழைய செட்டின் ஆக்ஸ் துளைக்குக் கொடுங்கள். முன்பக்க இரண்டு ஸ்பீக்கரைப் பழைய செட்டே ஓட்டும். மற்றதை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். ப்ரீ அவுட் எல்லா ரிசீவரிலும் கிடையாது, காசு கொடுக்கும் முன் திருப்பிப் பாருங்கள். ரிசீவரின் ஸ்பீக்கர் துளையைப் பழைய செட்டின் ஆக்ஸிலோ ஸ்பீக்கர் துளையிலோ மாட்டவே கூடாது. பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்டுக்கு மயங்காமல், தொடர்ந்து தரும் ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். கசியும் 230 வோல்ட் செட்டின் உலோக உடம்பில் நிற்கும், ஈரக் கையோடு தொடும் குழந்தை தாங்காது.

அடுத்து பில். வேலை முடிந்தபின் பில் தராதது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இது பொருளை விற்ற கடைக்கும் பொருந்தும், வீட்டுக்கு வந்து வேலை செய்த மெக்கானிக்குக்கும் பொருந்தும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க பில்லில் கெடு போடவில்லையென்றால், 30 நாளுக்குள் எடுத்துக்கொள்ள மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். பில்லே இல்லையா? போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, பெட்டி, வாரண்டி அட்டை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஒன்றையும் அழிக்காதீர்கள்.

செட் எரிந்ததும் செய்ய வேண்டியது, பிளக்கைப் பிடுங்குவது. பிறகு வயரிங்கை அப்படியே போட்டோ எடுங்கள். இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லாதீர்கள். திறந்துவிட்டால் வாரண்டியும் போகும், ஆதாரமும் போகும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அது சமரசத்துக்கான வழி, தீர்ப்பு அங்கே கிடைக்காது. அதோடு, கடைக்காரருக்கோ மெக்கானிக்குக்கோ, என்ன வாங்கினீர்கள், என்ன ஆயிற்று, எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எத்தனை நாளில் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவண நகல்கள் வேண்டும். எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் ஒரு செட் கூடுதலாக எடுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. எந்த மேசையிலாவது "வக்கீலோட வாங்க" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள், நீங்களே வாதாடச் சட்டம் இடம் கொடுக்கிறது. பழுது சோதனை செய்து பார்த்தால்தான் தெரியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும், அந்தச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். அதற்குள் போங்கள், "பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டுத்தான் பலர் வழக்கை இழக்கிறார்கள்.

ஊஃபர் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். உங்கள் வீட்டு எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தால் அவர் பக்கம்தான் சட்டம்.

அந்தக் குடிகாட்டு வீட்டில் எரிந்த செட் திண்ணையில் கிடந்தது. மறுநாள் பழைய இரும்புக்காரர் வருவாராம். பணம் அனுப்பிய பதிவு போனில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், இருந்தது. செட்டை உள்ளே தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினேன்.