உருமாற்றிய பழைய விண்டோஸ்: நன்மையா, தீமையா?

உடலுக்கு உயிர் எப்படியோ, அப்படியே கணிப்பொறிக்கு இயக்க முறைமை எனலாம். அதில் அவ்வப்போது காணப்படும் ஓட்டைகளை அடைக்கத் தயாரித்த நிறுவனமே திருத்தங்களை அனுப்பி வருகிறது. ஆனால் இது என்றும் நீடிப்பதில்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 அன்றும் மைக்ரோசாப்டின் பொது ஆதரவு முடிவுற்றது.

புதிய கணிப்பொறி வாங்க வசதியற்றோர் பலர். "இலவசம், வேகமாக ஓடும்" என்று யாரோ மாற்றியமைத்த பழைய விண்டோஸை அவர்கள் நாடுகின்றனர். சில பகுதிகளை நீக்குவதால் அது வேகமாக ஓடுவது உண்மையே. ஆனால் நீக்கப்பட்டவை எவை? பெரும்பாலும் திருத்தங்களைப் பெறும் பகுதியும், நச்சுநிரல் தடுப்பும்!

இதன் விளைவு என்ன? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறைக் கணிப்பொறிகளும் தப்பவில்லை. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது. அதைப் பெறாத கணிப்பொறிகளே சிக்கின.

நீக்கியதைவிடச் சேர்த்தது இன்னும் கொடியது. சில திருட்டு விண்டோஸ் 10 தொகுப்புகளில், மெய்நிகர் நாணயத்தைத் திருடும் நிரல் ஒளிந்திருந்ததை 2023-ல் டாக்டர் வெப் நிறுவனம் கண்டறிந்தது. கணிப்பொறி துவங்குவதற்கான தனிப்பகுதியில் அது பதுங்கியிருந்தது. ஜரிகை அசலா போலியா என்பதை நம் ஆரணியில் உரைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவர். இங்கோ வெளிப்பளபளப்பு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மேலே எத்தனை காவல் நிரல் வைத்தாலும், அடித்தளமே பகைவன் கையில் இருந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அப்படியானால் ஏழைக்கு வழியில்லையா? உண்டு. பழைய கணிப்பொறியிலும் ஓடும் எளிய லினக்ஸ் தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எக்ஸ்பி ஆதரவு முடிந்த 2014-ல் தமிழக அரசே தன் துறைகளை, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கு மாறச் சொன்னது. எதையும் உரிய நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறவேண்டும். புடவை வடிவமைக்கும் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்றால், அசல் பதிப்பையே வைத்துக்கொண்டு, அக்கணிப்பொறியை இணையத்தோடு இணைக்காமல் பயன்படுத்தலாம். வடிவங்களுக்குத் தனி வட்டில் நகல் வைப்பதும் அவசியம்.

பல மாத உழைப்பில் பிறந்த கரையும் முந்தானையும் ஒரே இரவில் பூட்டப்பட்டால் நட்டம் நெசவாளிக்கே. இலவசம் என்றதும் கைநீட்டாமல், கொடுப்பவர் யாரென்று கேட்கக் கற்போமாக!