அறுபதாவது கை

2025 ஏப்ரல் 1. காலையில் நான் காபி ஆற்றும்போது அமெரிக்க செனட்டர் கோரி புக்கர் பேசிக்கொண்டிருந்தார். இரவு படுக்கப்போகும்போதும் அதே மனிதர், நின்றபடியே! மொத்தம் 25 மணி 5 நிமிடம். 1957இல் கறுப்பினத்தவரின் உரிமைச் சட்டத்தை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் பேசிய 24 மணி 18 நிமிடத்தை ஒரு கறுப்பினத்தவர் முறியடித்தார். எனக்கு அதுதான் பிடித்தது.

ஆனால் புக்கர் எந்த மசோதாவையும் தடுக்கவில்லை. டிரம்ப் ஆட்சியைக் கண்டித்தார், அவ்வளவே. மசோதாவை முடக்க இன்று கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை. விவாதத்தை முடிக்க செனட்டின் 100 பேரில் 60 பேர் கைதூக்க வேண்டும். 41 பேர் அசையாமல் இருந்தால் போதும், மசோதா கிடப்பில்.

ஆளும்போது இந்த விதியைத் திட்டுவதும், தோற்றதும் அதையே கட்டிப்பிடிப்பதும் இரு கட்சிக்கும் வழக்கம். 2013இல் ஜனநாயகக் கட்சி பெரும்பாலான நியமனங்களுக்கு விதியைத் தளர்த்தியது. 2017இல் குடியரசுக் கட்சி அந்தத் தளர்வை உச்ச நீதிமன்ற நியமனங்கள்வரை நீட்டியது. பட்ஜெட் மசோதாவுக்கோ தனிச் சந்து, அங்கே 60 கை தேவையில்லை: 2025 ஜூலையில் டிரம்பின் வரி மசோதா 50-50 என நிற்க, துணை அதிபர் வான்ஸ் வாக்களித்துக் கரைசேர்த்தார்.