கவச ரயில் எஞ்சின்: கிடைக்கும் உதிரிகளில் ஒரு மாதிரி

ஓடிக்கொண்டிருந்த சாதாரண நீராவி எஞ்சினுக்கு எஃகுத் தகடு போர்த்தினால் அதுவே கவச எஞ்சின். தென்னாப்பிரிக்க போயர் போரில் தகட்டுக்குப் பதில் தடித்த கயிற்றைச் சுற்றிய எஞ்சின்கூட ஓடியது. சிப்பாய்கள் அதற்கு 'ஹேரி மேரி' என்று பெயர் வைத்தார்கள்.

எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட 1914-இல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் கடல்வழிப் படையெடுப்பு பற்றிய அச்சம் இருந்தது. குரூ பணிமனையில் இரண்டு கவச ரயில்கள் உருவாயின. எஞ்சின் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் என்1 வகை. வீரர்கள் இருந்த பெட்டிகள் கிரேட் வெஸ்டர்னின் நிலக்கரி வாகன்கள். பீரங்கி வண்டிகள் கலிடோனியன் ரயில்வேயிடம் வாங்கியவை. நடுவில் எஞ்சின், இரு முனைகளிலும் 12 பவுண்டர் பீரங்கி. அசலே இப்படிக் கைக்கு எட்டியதைக் கோத்தது என்பதால், மேற்கு மாம்பலத்து மொட்டைமாடி அறையில் அதே வழியில் ஒரு மாதிரி செய்வதில் குறை சொல்ல ஏதுமில்லை.

முதல் முயற்சிக்குக் கவச எஞ்சினே சுலபம். கொதிகலனின் வளைவு, இணைப்புத் தண்டுகள் என்று கையைச் சோதிக்கும் பகுதிகளைத் தட்டைத் தகடுகள் மூடிவிடும். 76-இல் 1 பங்கு அளவில் தண்டவாள இடைவெளி கணக்குப்படி 18.9 மி.மீ.; சந்தையில் கிடைப்பதோ 16.5. அந்த வித்தியாசமும் பக்கத் தகட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும். பழைய பொம்மை ரயிலின் ஆறு சக்கர அடிச்சட்டம் ஒன்று கிடைத்தால், பின்னால் ஓர் அச்சு சேர்த்தால் போதும். அந்த அச்சு பக்கவாட்டில் நகர இடம் விட வேண்டும். விடாவிட்டால் முதல் வளைவிலேயே தடம் புரளும்.

அரை அங்குலக் கவசம் இந்த அளவில் 0.17 மி.மீ. குளிர்பான அலுமினிய டப்பாவின் பக்கச்சுவர் கிட்டத்தட்ட 0.1 மி.மீ.; கத்தரிக்கோலாலேயே வெட்டலாம். ரிவிட் வரிசைதான் பொறுமை கேட்கும் வேலை. தகட்டின் பின்புறம் கிராஃப் தாளை ஒட்டி, அடியில் பழைய மௌஸ் பேட் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா முனையால் அழுத்தினால் மறுபக்கம் குமிழ் எழும்பும். அசலில் நான்கு அங்குல இடைவெளி என்றால் இங்கே 1.3 மி.மீ. ஒரு குமிழ் விலகினாலும் பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும்; திருத்திக்கொண்டிருப்பதைவிட வேறு தகடு வெட்டுவது மேல். கிராஃப் தாளை உரித்து, டப்பாவின் உட்பூச்சை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்த பிறகே 1 மி.மீ. பிளாஸ்டிக் அட்டையில் அரால்டைட்டால் ஒட்ட வேண்டும். பூச்சின் மேல் ஒட்டினால் சில வாரங்களில் பெயர்ந்துவிடும்.

பொம்மையின் மோட்டார் பழுதாகியிருந்தால், மாம்பலத்தில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகலாம். என்20 எனப்படும் சிறிய கியர் மோட்டார் அங்கே கிடைக்கும். எத்தனை சுற்று வேகம் கொண்டதை வாங்குவது என்பதற்குக் கணக்கு உண்டு. மணிக்கு 40 கி.மீ. ஓடும் எஞ்சின், மாதிரியில் நொடிக்கு சுமார் 14.6 செ.மீ. நகர வேண்டும். என்1-இன் 5 அடி 8 அங்குலச் சக்கரம் 22.7 மி.மீ. ஆகிறது, அதன் சுற்றளவு 71 மி.மீ. ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 123 சுற்று. 150 சுற்று மோட்டார் போதும். 500 சுற்று மோட்டாரைப் போட்டால் கவச ரயில் சதாப்தி மாதிரி பறக்கும்.

எடை இல்லாவிட்டால் சக்கரம் வழுக்கும். டயர் கடைகளில் வீல் பேலன்ஸிங்குக்கு வைக்கும் ஈயத் துண்டுகளை இயக்கச் சக்கரங்களுக்கு நேர் மேலே, தாழ்வாக ஒட்டலாம். ஈயத்தைத் தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். பீரங்கிக் குழாய்க்கு ரீஃபில் குழாய்.

கடைசியில் வண்ணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் மேற்பரப்பு வெளுத்துப்போகும். மழை ஓய்ந்து வெயில் வந்தபின், முதலில் மெட்டல் பிரைமர், அதன்மேல் மெல்லிய பூச்சுகளாகப் பளபளப்பில்லாத சாம்பல் நிறம். தடித்து அடித்தால் ரிவிட் குமிழ்கள் எல்லாம் பெயின்டுக்குள் மூழ்கிவிடும்.